அந்தக் கல் எப்போது வெளியே வந்தது?

[திரையில்: கறுப்புப் பாறை மேல் தனியாக ஓர் இளஞ்சிவப்புக் கல்]

இந்தக் கல்லைக் கொஞ்சம் நன்றாகப் பாருங்கள். அடியில் இருப்பது கன்னங்கரேலென்ற எரிமலைப் பாறை, மேலே உட்கார்ந்திருப்பது கிரானைட், இரண்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. இடம் மேற்கு அண்டார்டிகா, பைன் ஐலண்ட் பனியாற்றை ஒட்டிய ஹட்சன் மலைகள். இங்கே வெள்ளம் வந்து கல்லை உருட்டியிருக்க முடியாது, லாரியில் யாரும் கொண்டுவந்து கொட்டவும் இல்லை. கொண்டுவந்தது பனிதான். ஒரு காலத்தில் இந்த மலையை மூடும் உயரத்துக்குப் பனி நின்றது, எங்கோ அடியிலிருந்து பெயர்த்த கல்லைச் சுமந்துகொண்டு நகர்ந்தது, அப்புறம் மெலிந்து இறங்கும்போது கல்லை இங்கேயே போட்டுவிட்டுப் போய்விட்டது.

சரி, எப்போது போனது?

கல்லின் வயதைக் கேட்டுப் பயனில்லை. இந்த கிரானைட் உருவானது டைனோசர் காலத்தில். நமக்கு வேண்டியது அது பிறந்த தேதி இல்லை, வெளியே வந்த தேதி. கையில் வாட்ச் கட்டுகிறவர்களுக்குத் தெரியும், கழற்றினால் அந்த இடம் மட்டும் வெளுத்திருக்கும், பிறகு வெயில் பட்டுப் பட்டு மெதுவாகக் கறுக்கும். எவ்வளவு கறுத்திருக்கிறது என்று பார்த்தே வாட்சைக் கழற்றி எத்தனை நாள் ஆனது என்று ஊகிக்கலாம். கல்லுக்கும் அப்படி ஒன்று நடக்கிறது. கறுக்க வைப்பது வெயில் இல்லை, விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள்.

[திரையில்: மேலிருந்து பாயும் துகள்கள், கல்லுக்குள் உடையும் ஓர் அணு]

இந்தக் கதிர்கள் வளிமண்டலத்தில் மோதி நியூட்ரான்களை உதறிவிடுகின்றன. அவற்றில் சில தரை வரை வந்து, கல்லில் இருக்கும் குவார்ட்ஸுக்குள் நுழைந்து, அங்குள்ள ஆக்சிஜன் அணுவை உடைக்கின்றன. உடைந்ததில் மிஞ்சுவது சில நேரம் பெரிலியம்-10, அதாவது பெரிலியம் என்ற தனிமத்தின் மெல்ல மெல்ல அழியும் ஒரு வகை. துருவப் பகுதியில் கடல் மட்டத்தில் ஒரு கிராம் குவார்ட்ஸில் ஆண்டுக்கு ஏறத்தாழ 4 அணுக்கள் இப்படி உருவாகின்றன. நான்கே நான்கு! உயரம் கூடினால் எண்ணிக்கை கூடும். உயரத்துக்கும் அட்சரேகைக்கும் ஏற்ப இது எப்படி மாறும் என்று 1991-இல் கணக்குப் போட்டுக் கொடுத்தவர் நம் நாட்டுக்காரர், வாரணாசியில் பிறந்த தேவேந்திர லால். அண்டார்டிகக் கற்களுக்கு இன்று போடும் கணக்குகளுக்கும் அதுதான் அஸ்திவாரம். நம்மூரில் அவர் பெயர் அதிகம் தெரியாதது எனக்கு வருத்தம்தான்.

பனி மேலே இருந்தால் கதிர் உள்ளே வராது, பத்து மீட்டர் பனியே கிட்டத்தட்ட முழுவதையும் தடுத்துவிடும். ஆக, பனி விலகிய அன்றுதான் கடிகாரம் ஓடத் தொடங்குகிறது. எட்டாயிரம் ஆண்டு வெளியே கிடந்த கல் என்றால் கடல் மட்டக் கணக்குப்படி கிராமுக்கு 32,000 அணுக்கள். கேட்க நிறைய மாதிரி இருக்கும். ஆனால் அதே ஒரு கிராமில் ஆக்சிஜன் அணுக்கள் மட்டும் எத்தனை தெரியுமா? 2 போட்டு, பக்கத்தில் 22 சுழியங்கள்.

அதில் இந்தச் சில ஆயிரத்தை எப்படி எண்ணுவது? கல்லின் மேல்பரப்பில் சில சென்டிமீட்டரை மட்டும் உளியும் சுத்தியலும் வைத்துப் பெயர்க்கிறார்கள். ஆய்வகத்தில் பொடியாக்கி, மற்ற கனிமங்களை எல்லாம் விலக்கி, குவார்ட்ஸை ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்தில் திரும்பத் திரும்பக் கழுவுகிறார்கள். ஏன் இத்தனை தடவை? காற்றில் உருவாகும் பெரிலியம்-10 மழையோடும் பனியோடும் வந்து கல்லின் மேல் ஒட்டியிருக்கும், அது கலந்தால் கணக்கு மொத்தமும் பாழ். கடைசியில் துகள் முடுக்கியில் செலுத்தி அணுக்களை எண்ணுகிறார்கள். லேசான வேலை இல்லை, ஒரு மாதிரியைத் தயார் செய்யவே வாரக்கணக்கில் ஆகும்.

இப்போது அந்தக் கல் ஏன் முக்கியம் என்று புரிந்திருக்கும். கீழே உள்ள கறுப்புப் பாறையில் குவார்ட்ஸ் இல்லை. வெளியூர்க் கல்லில் இருக்கிறது.

ஒரு கல் ஒரு தேதியைத்தான் சொல்லும். வேகம் தெரிய வேண்டுமென்றால் மலையின் உச்சியில் ஒன்று, அதற்குக் கீழே ஒன்று, அடிவாரத்தில் ஒன்று என்று எடுக்க வேண்டும். மேற்கு அண்டார்டிகாவிலேயே இன்னொரு பகுதியான மேரி பேர்ட் லேண்டின் ஃபோர்டு மலைத்தொடரில் அப்படி எடுத்து 2003-இல் வெளியிட்டார்கள்: பத்தாயிரம் ஆண்டுகளில் பனி 700 மீட்டருக்கு மேல் மெலிந்திருந்தது, அதாவது ஆண்டுக்குச் சுமார் 7 சென்டிமீட்டர். ஹட்சன் மலைகளின் முடிவு 2014-இல் வந்தது, அங்கே கதை வேறு. மேலே இருந்த கல்லும் கீழே இருந்த கல்லும் கிட்டத்தட்ட ஒரே வயதைச் சொல்லின. எட்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் பனி ஆண்டுக்கு ஒரு மீட்டருக்கும் மேல் சரசரவென்று இறங்கியிருக்கிறது, அதுவும் ஓரிரு ஆண்டு இல்லை, பல பத்தாண்டுகள். பைன் ஐலண்ட் பனியாறு இன்று மெலியும் வேகத்தோடு ஒப்பிடக்கூடிய வேகம்.

[திரையில்: பாறையோடு உறைந்து ஒட்டிய பனி]

கல் பொய் சொல்லாதா? சொல்லும். அடித்தரையோடு உறைந்து ஒட்டிய பனி பாறையைத் தேய்க்காது, அப்போது முந்தைய காலத்தில் சேர்ந்த அணுக்கள் அப்படியே தங்கிவிடும். பெரிலியம்-10-இன் அரை ஆயுள், அதாவது இருப்பதில் பாதி அழிய ஆகும் காலம், சுமார் 14 லட்சம் ஆண்டுகள், சீக்கிரம் அழியாது, எனவே நேற்று வெளிவந்த கல்கூட லட்சம் வயது காட்டலாம். இதற்குத்தான் அதே கதிர்களால் குவார்ட்ஸுக்குள் உருவாகும், இன்னும் வேகமாக அழியும் கார்பன்-14-ஐயும் பார்க்கிறார்கள். அதன் அரை ஆயுள் 5,730 ஆண்டுகள்தான், முப்பதாயிரம் ஆண்டு பனிக்கடியில் இருந்தாலே பழைய பாக்கி கிட்டத்தட்டத் தீர்ந்துவிடும்.

எனக்கு மிகப் பிடித்தது கடைசியாகச் சொல்லப்போவதுதான். வெளியே கிடக்கும் கல்லை வைத்து, பனி இன்றைய அளவு வரை வந்ததைத்தான் சொல்ல முடியும், அதற்கும் கீழே போய்த் திரும்பியதா என்று சொல்ல முடியாது. ஆகவே மேற்கு அண்டார்டிகாவின் த்வெய்ட்ஸ் பனியாற்றுக்கு அருகே, மர்ஃபி மலைப் பக்கம், பனியைத் துளைத்து அடியில் இருக்கும் பாறையையே எடுத்தார்கள். இன்றும் பனிக்கு அடியில் கிடக்கும் அந்தப் பாறையில், அண்மைக் காலத்தில் கதிர் பட்டு உருவான அணுக்கள் இருந்தன! கடந்த சில ஆயிரம் ஆண்டுகளில் ஏதோ ஒரு கட்டத்தில் அங்கே பனி இன்றைவிடக் குறைந்தது 35 மீட்டராவது மெலிந்திருந்து, பிறகு மறுபடி தடித்திருக்கிறது. 2023-இல் வெளியான முடிவு இது.

“அப்படியானால் இப்போது மெலிந்தாலும் திரும்ப வந்துவிடும்தானே?” என்று கமெண்டில் கேட்கத் தயாராக இருப்பீர்கள். அப்போது வந்தது உண்மைதான். பனியின் பாரம் குறைந்ததும் தரை மெல்ல மேலே எழும்பியது அதற்குக் காரணமாக இருந்திருக்கலாம். அது நடக்க ஆயிரக்கணக்கான ஆண்டுகள் கிடைத்தன, அப்போது கடலும் காற்றும் இன்றைய வேகத்தில் சூடாகிக்கொண்டும் இல்லை.