ராத்திரிச் சூடும் மொட்டை மாடிச் சுண்ணாம்பும்

வணக்கமுங்க. சித்திரை பொறந்தாப் போதும், ஈரோட்டுல இன்னைக்கு எத்தனை டிகிரி, கரூர் பரமத்தியில எத்தனைன்னுதான் டீக்கடையில முதல் பேச்சு. கோயமுத்தூருக்காவது பாலக்காட்டுக் கணவாய்க் காத்து உண்டு. கிழக்கே போகப் போக அந்தக் கொடுப்பினை குறைஞ்சு போகுதுங்க.

2024-தான் உலகம் முழுக்க அளவெடுத்ததுலயே சூடான வருசம். 1850-லிருந்து 1900 வரைக்குமான சராசரியை விடச் சுமார் 1.55 டிகிரி கூடுதல்னு உலக வானிலை அமைப்பு சொல்லுது. ஒன்றரை டிகிரிதானேன்னு தோணும். ஆனா அது கடலும் பனிமலையும், பகலும் ராத்திரியும் சேர்ந்த வருசச் சராசரி. சராசரி கொஞ்சம் ஏறினாலே, 40-ஐத் தாண்டுற நாளோட எண்ணிக்கை மடமடன்னு கூடிரும்.

இன்னொண்ணும் கேட்டுக்குங்க. செய்தியில சொல்ற டிகிரி நிழல்ல எடுத்தது. தரையிலிருந்து சுமார் நாலடி உயரத்துல, காத்துப் போய்வர இடைவெளி விட்ட வெள்ளைப் பெட்டிக்குள்ள இருக்கற கருவி காட்டறது அது. தார் ரோட்டுல நிக்கறவருக்கும் சிமெண்ட் அட்டைக்குக் கீழ தறி ஓட்டறவருக்கும் அந்தக் கணக்கு பொருந்தாது. வானிலைத் துறைக் கணக்குப்படி, சமவெளியில 40 டிகிரியைத் தொடணும், வழக்கத்தை விட 4.5 டிகிரியாவது கூடணும், அப்பத்தான் வெப்ப அலை; இல்லைன்னா நேரா 45-ஐத் தொடணும். வழக்கமே 38 இருக்கற ஊர்ல 42 அடிச்சாலும் ஏட்டுக் கணக்குல வெப்ப அலை கிடையாதுங்க! உடம்புக்கு ஏடு தெரியுமா?

நான் திரும்பத் திரும்பச் சொல்றது இதுதான்: பகல் உச்சத்தை மட்டும் பாக்காதீங்க, ராத்திரி எவ்வளவு இறங்குச்சுன்னு பாருங்க. பகல்ல பட்ட பாட்டை உடம்பு ராத்திரியிலதான் ஆத்திக்கும். முன்னெல்லாம் ஓட்டு வீடு, வாசல்ல கயித்துக் கட்டில். இப்ப நாலஞ்சு அங்குலக் கான்கிரீட் தளம். அது பகல் பூரா வெயிலைக் குடிச்சு வெச்சுக்கிட்டு, பொழுது சாஞ்சதுக்கு அப்புறம் கீழ்ப்பக்கமா விடுது. பத்து மணிக்கு ஃபேனைப் போட்டா அனல் இறங்கறது அதனாலதான். வானத்துல கரியமில வாயு கூடக் கூட, பூமி ராத்திரியில சூட்டை வெளிய விடறதும் குறையுது. ரெண்டும் சேர்ந்து தூக்கத்தைக் கெடுக்குது.

இதுக்குக் கைக்கெட்டின வைத்தியம் மொட்டை மாடிக்குச் சுண்ணாம்பு அடிக்கறது; வெள்ளை வெயிலைத் திருப்பி விடும், தளம் அவ்வளவாச் சூடேறாது. விலை குறைவுதான், ஆனா பாதிப் பேர் தப்பா அடிச்சுட்டு, ஒரு மாசத்துல மாவாக் கொட்டிருச்சும்பாங்க. கேளுங்க. ஒரு கிலோ சுட்ட சுண்ணாம்புக் கல்லுக்கு அஞ்சு லிட்டர் தண்ணி. இரும்பு டிரம்முல முதல்ல தண்ணிய ஊத்தி, அதுல கல்லைக் கொஞ்சம் கொஞ்சமாப் போடுங்க. கொதிச்சுத் தெறிக்கும், கண்ணுல பட்டாப் பார்வையே போயிரும், கண்ணாடி போட்டுக்குங்க, குழந்தைகளை அண்ட விடாதீங்க. அலுமினியப் பாத்திரம் ஆகவே ஆகாது, அரிச்சுரும். ஒரு நாள் முழுக்க ஊறினதும் துணியில வடிகட்டுங்க. பத்து லிட்டர் கரைசலுக்கு 40 கிராம் கோந்தை வெந்நீர்ல கரைச்சுச் சேருங்க.

மாடியைக் கூட்டி, பாசி இருந்தாச் சுரண்டிக் கழுவி, வெயில் தாழ்ந்ததும் ஈரமா இருக்கறப்பவே அடிக்கணும். இங்கதான் தப்பு நடக்குது. மத்தியானச் சூட்டுல அடிச்சா நிமிசத்துல காஞ்சுரும். சுண்ணாம்பு காத்துல இருக்கற கரியமில வாயுவை வாங்கித்தான் கல்லா இறுகும், அதுக்கு ஈரம் வேணும். ஈரம் போயிட்டா வெறும் மாவு. கெட்டியா ஒரே பூச்சுப் பூசினாலும் வெடிச்சு உரியும். பால் பதத்துல மெல்லிசா ரெண்டு மூணு பூச்சு. முதல் பூச்சு நீளவாக்குலன்னா அடுத்தது குறுக்குவாக்குல. புழுதி படிஞ்சா வெள்ளை மங்கும், வெள்ளை மங்கினா வெயிலைத் திருப்பற வேலையும் மங்கும். அதனால வருசா வருசம் மாசி, பங்குனியில ஒருக்கா அடிச்சுருங்க. சிமெண்ட் அட்டைக் கூரைன்னா மேல நேரா ஏறவே ஏறாதீங்க, உடைஞ்சு விழுந்துருவீங்க. அட்டையைத் தாங்கற சட்டத்து மேல பலகை போட்டு, அதுல நின்னு அடிக்கணும்.

தறிப்பட்டறைக்காரங்களுக்கு ஒரு வார்த்தை. ஈரம் குறைஞ்சா நூல் அறும், அதனால உள்ள ஈரத்தை ஏத்தி வெப்பீங்க. நூலுக்கு நல்லது, ஆளுக்கு ஆகாது. வேர்வை ஆவியானாத்தான் உடம்பு குளிரும். காத்துல ஏற்கெனவே ஈரம் இருந்தா வேர்வை வழியுமே ஒழிய ஆறாது. மத்தியானம் ஷிப்டுல ஓய்வைக் கூட்டுங்க, வெளிய நிழல்ல தண்ணிப் பானை வைங்க. இன்னொண்ணு, காத்து 40-ஐத் தாண்டிருச்சுன்னா ஃபேன் மட்டும் போட்டா அனலைத்தான் வாரி அடிக்கும். தோளுக்கு ஈரத்துண்டு வேணும்.

கோழிப்பண்ணை பத்தி நிறையச் சொல்லணும்னு வந்தேன், நேரம் நெருங்கிருச்சுங்க. கோழிக்கு வேர்வைச் சுரப்பியே கிடையாது, வாயைத் திறந்து மூச்சு வாங்கித்தான் சூட்டைத் தள்ளும். உச்சி வெயில் நேரத்துல தீனியை நிறுத்திருங்க, தீனி செரிக்கறப்பவும் உடம்பு சூடாகும்.

மனுசருக்கு அவசரமானதை மட்டும் சொல்லிர்றேன். வெயில்ல வேலை பாத்தவர் உளறினாலோ, நடை தள்ளாடினாலோ, உடம்பு கொதிச்சாலோ அது வெப்பத் தாக்கு; வேர்வை வந்துக்கிட்டு இருந்தாலும் சரி. 108-ஐக் கூப்பிடுங்க. வண்டி வர்ற வரைக்கும் காத்திருக்காதீங்க, நிழலுக்குத் தூக்கி, உடம்பு முழுக்கத் தண்ணி ஊத்தி விசிறுங்க. நினைவில்லாதவர் வாயில தண்ணி ஊத்தாதீங்க. நினைவோட சோர்ந்து கிடக்கறவருக்கு, ஒரு லிட்டர் கொதிச்சு ஆறின தண்ணியில தலை தட்டின ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. உப்பை மட்டும் கூட்டிப் போட்டுராதீங்க. வணக்கமுங்க.