உட்கார ஒரு ஸ்டூல்

நேயர்களுக்கு வணக்கம்.

ஆயுளைக் கூட்டுவது எது, குறைப்பது எது என்று யாரைக் கேட்டாலும் சாப்பாடு, நடைப்பயிற்சி, சிகரெட், பரம்பரை என்று சொல்வார்கள். பார்க்கிற வேலையை யாரும் சொல்வதில்லை. சம்பளத்தைச் சொல்வார்கள், அதுவும் காசிருந்தால் நல்ல ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்கிற அளவில்தான். தொழிலாளர்களுக்கு வைத்தியம் பார்த்தே நரைத்தவள் நான். வேலை நேரத்தில் நம் உடம்பு யார் சொல்படி நடக்கிறது என்பதும் சம்பளம் அளவுக்கு முக்கியம் என்று எனக்குப் படுகிறது.

ஜவுளிக்கடையில் சேலை எடுத்துப் போடும் பெண்ணைப் பாருங்கள். காலை ஒன்பதரைக்கு நிற்கத் தொடங்கினால் இரவு கடை அடைக்கும்வரை நிற்க வேண்டும். ஆடித் தள்ளுபடி, தீபாவளி என்றால் சாப்பாட்டு நேரமும் சுருங்கிவிடும். கெண்டைக்கால் தசை சுருங்கி விரியும்போதுதான் காலுக்கு இறங்கிய ரத்தம் மேலே ஏறும். ஒரே இடத்தில் நின்றால் ரத்தம் கீழேயே தேங்கி, ரத்தக் குழாய்களுக்குள் இருக்கும் வால்வுகள் பழுதாகிவிடும். முழங்காலுக்குக் கீழே பச்சையாகப் புடைத்து, நெளிந்து தெரியும். நரம்பு சுருட்டிக்கொண்டது என்பார்கள். முற்றினால் கணுக்கால் பக்கம் தோல் கறுத்து, ஆறாத புண்ணாகும்.

இப்படி வருகிற பெண்களில் பலர் கூடவே நீர்க்கடுப்பும் சொல்வார்கள். “தண்ணி எவ்வளவும்மா குடிக்கிற?” என்று கேட்டால், “காலையில கிளம்பறப்ப குடிச்சதுதான் மேடம்” என்று பதில் வரும். பாத்ரூம் வேறு மாடியில் இருக்கும். சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டுப் போக வேண்டும். ஒரு நாளைக்கு இரண்டு தடவைக்கு மேல் கேட்டால் முகம் மாறும். அதனால் தாகத்தை அடக்கிப் பழகிவிடுகிறார்கள். மாத்திரை எழுதிக்கொடுப்பேன், குணமாகும். அடுத்த மாதம் அதே பெண் அதே கடுப்போடு வந்து நிற்பாள்.

உட்கார்ந்தே இருப்பது ஆபத்து என்று இப்போது எல்லாரும் பேசுகிறார்கள். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 7,000-க்கும் மேற்பட்ட தொழிலாளர்களைப் பன்னிரண்டு ஆண்டுகள் கவனித்தார்கள். பெரும்பாலும் நின்றே வேலை பார்ப்பவர்களுக்கு, உட்கார்ந்து பார்ப்பவர்களைவிட இதயநோய் வரும் வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு என்று 2017-ல் வெளியிட்டார்கள். இதைப் பற்றி அவ்வளவாகப் பேச்சே இல்லை. நின்று வேலை பார்ப்பவர்கள் பேசுகிற இடத்தில் இல்லை என்பதுதான் காரணமோ என்னவோ.

லண்டன் அரசு ஊழியர்களை வைத்து நடந்த ஆய்வு இன்னும் பிரசித்தம். 1967-ல் தொடங்கி சுமார் 18,000 ஆண்களைப் பல ஆண்டுகள் கவனித்தார்கள். அங்கே யாரும் பட்டினி இல்லை, எல்லாருக்கும் இலவச அரசு மருத்துவம். வேலையும் சுரங்கமோ ஆலையோ இல்லை, அலுவலகம்தான். அப்படியும் மேல் அதிகாரிகளோடு ஒப்பிட்டால், கதவு திறந்துவிடும், தபால் கொண்டுபோகும் கடைநிலை ஊழியர்கள் இதயநோயால் இறந்த விகிதம் மூன்று மடங்கு. இதில் இன்னொன்று உண்டு. உச்சியில் இருந்தவருக்கு அடுத்த படியில் இருந்தவர்கூட அவரைவிட மோசமாக இருந்தார், அவருக்கும் கீழே இருந்தவர் இன்னும் மோசம். புகைப்பழக்கம், ரத்த அழுத்தம், கொழுப்பு எல்லாவற்றையும் கணக்கில் கழித்துப் பார்த்தும் வித்தியாசத்தில் பெரும்பகுதி அப்படியே நின்றது. 1985-ல் மருத்துவ ஆய்வாளர் மைக்கேல் மார்மட் தலைமையில் பெண்களையும் சேர்த்து 10,308 பேரை வைத்து மறுபடி ஆராய்ந்தார்கள். தன் வேலையை எப்போது, எப்படிச் செய்வது என்பதில் தனக்கு எந்தப் பிடியும் இல்லாதவர்களுக்கு இதயநோய் அதிகம் என்று அதில் தெரிந்தது.

நம் ஊரில் ஒரு நல்ல காரியம் நடந்திருக்கிறது. 2021-ல் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். ஊழியர்கள் எல்லாருக்கும் இருக்கை இருக்க வேண்டும், வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போது அவர்கள் உட்காரலாம் என்கிறது சட்டம். கேரளம் 2018-லேயே கொண்டுவந்துவிட்டது. சில கடைகளில் ஸ்டூலும் வந்திருக்கிறது. ஆனால் முதலாளி வரும்போது அதில் உட்கார்ந்திருக்க எத்தனை பேருக்குத் துணிச்சல் வரும்?

இங்கேதான் வருமானம் குறுக்கே வருகிறது. லீவு போட்டால் அன்றைய கூலி போச்சு என்கிற வீட்டில் காய்ச்சலோடு வேலைக்குப் போவார்கள். பிரஷர் மாத்திரையைச் சம்பளம் வந்ததும் வாங்கிக்கொள்ளலாம் என்று மாதக் கடைசியில் நிறுத்திவிடுவார்கள். இ.எஸ்.ஐ. என்கிற தொழிலாளர் காப்பீட்டுத் திட்டத்தில் பதிவான தொழிலாளிக்கு, உரிய காலத்துக்குச் சந்தா கட்டியிருந்தால், நோயால் வேலைக்குப் போக முடியாத நாட்களுக்குச் சம்பளத்தில் எழுபது சதவீதம் கிடைக்கும், ஆண்டுக்கு 91 நாள் வரை. மாதாமாதம் சந்தா பிடிக்கப்பட்டும் இது தெரியாதவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். உங்கள் சம்பளச் சீட்டில் இ.எஸ்.ஐ. பிடித்தம் இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள்.

நின்று வேலை பார்ப்பவர்கள் அவ்வப்போது குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்குங்கள். இரவில் காலைத் தலையணைமேல் உயர்த்தி வையுங்கள். டாக்டரிடம் போனால் என்ன வேலை, எத்தனை மணி நேரம் நிற்கிறேன், பாத்ரூம் போக விடுகிறார்களா என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அவர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.

நன்றி, வணக்கம்.