மணிக்கூடு பார்க்கிறவளும் தாயோ?

நடுவர் ஐயாவுக்கும் சபைக்கும் வணக்கம். தந்தது 5 நிமிடம், வணக்கத்திலேயே அதைத் தின்ன மாட்டேன்.

‘ஊசி போட்ட பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் கைகொடுப்பது மருத்துவமாதின் சொல்லா, அம்மம்மாவின் கைப்பக்குவமா?’ நான் மருத்துவமாதின் கட்சி. எதிரணி அக்கா சற்றுமுன் என்ன கேட்டார்? “மணிக்கூட்டைப் பார்த்துப் பனடோல் கொடுக்கிறவளும் ஒரு தாயோ?” எல்லோரும் கைதட்டினீர்கள். முன்வரிசையில் என் மாமி இரண்டு தரம் தட்டினார். கண்டேன்.

மாமி தட்டியபடியால் அந்தக் கதையைச் சொல்லத்தான் வேண்டும்.

என் மகளுக்கு 2 மாதத்து ஊசி. குக்கல், ஏற்புவலி, தொண்டைக்கரப்பன் என்று ஐந்து நோய்க்கு ஒன்றாகப் போடுகிறது. இரவு உடம்பு சுட்டது. மல்லாவியில், சித்திரை வெக்கையில், மாமி பிள்ளைக்குத் தொப்பி போட்டார். சுற்றித் துவாய். அதற்கு மேல் போர்வை. அதற்கும் மேல் என் கலியாணத்துப் பட்டுச் சால்வை! சாமத்தில் அழுகை கேட்டு எழும்பி, இருட்டில் தூக்கித் தோளில் போட்டுத் தட்டினேன். தட்டத் தட்ட அழுகை கூடுகிறது. தாலாட்டுப் பாடினேன். ஒன்றல்ல, மூன்று. ஏப்பம் எடுக்கவும் பார்த்தேன். மனுசி விளக்கைப் போட்டுவிட்டுக் கேட்டாள்: “தலையணைக்கு ஏனப்பா பாட்டு?”

சிரியுங்கள், சிரியுங்கள். பிள்ளை பாயில் கிடந்து கத்துகிறது, நான் தலையணைக்கு ஏப்பம் எடுக்கிறேன்.

விடிய மருத்துவமாது வந்து வெங்காயம் உரிப்பதுபோல் உரித்தார். மெல்லிய சட்டை போதும், பாலை அடிக்கடி கொடுங்கள் என்றார். நிறை பார்த்தார், 5 கிலோ. அந்த நிறைக்குப் பரசிற்றமோல் பாணி, அதுதான் அக்கா சொன்ன பனடோல், 2.5 மில்லிலீற்றர். (உங்கள் பிள்ளையின் கணக்கு வேறு, கேட்டுக் கொடுங்கள்.) 6 மணித்தியாலத்துக்கு ஒரு தரம், நாளுக்கு 4 தரத்துக்கு மேல் கூடாது. அஸ்பிரின் வேண்டவே வேண்டாம். இரண்டு நாள் தாண்டினாலோ, பால் குடிக்காவிட்டாலோ, வலிப்பு வந்தாலோ ஆஸ்பத்திரி. சரி அக்கா, அந்த 6 மணித்தியாலத்தை மணிக்கூடு இல்லாமல் எதைப் பார்த்து எண்ணுவது? சேவலையா? எங்கள் வீட்டுச் சேவல் சாமம் 2 மணிக்கும் கூவும்.

இன்னும் நியாயங்கள் கடதாசியில் கிடக்கின்றன. மடித்து வைக்கிறேன்.

அன்று மாமியோடு கோபப்பட்டேன். அப்போதுதான் சொன்னார். 2009இல் தரப்பாளுக்குக் கீழே என் மனுசியின் தம்பிக்குக் காய்ச்சல். கைக்குழந்தை. பனடோலும் இல்லை, வெளியே போக வழியும் இல்லை. இருந்தது உடுத்திருந்த சேலை ஒன்றுதான். அதைக் கிழித்து, விடியுமட்டும் சுற்றிச் சுற்றி வைத்துக்கொண்டு இருந்தாராம். அந்தப் பொடியன்தான் அதோ, சவுண்ட் பெட்டியடியில் நிற்கிறான்.

4 மாதத்து ஊசி போட்ட அன்றும் காய்ச்சல். நாங்கள் இருவரும் அசந்துபோனோம். திடுக்கிட்டு எழும்பிப் பார்த்தால், பிள்ளை மெல்லிய சட்டையோடு கிடக்கிறது. பக்கத்தில் மாமி, சுவர் மணிக்கூட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு இருக்கிறார்.

“படுங்கோ தம்பி,” என்றார். “இன்னும் இருபது நிமிசம் கிடக்கு.”