வெளிநாட்டில் வளரும் பையன் மிருதங்கத்தில் சாதிக்க முடியுமா?

ஒரு அன்பர் கேட்டிருக்கிறார்: "என் பேரன் அமெரிக்காவில் மிருதங்கம் கற்றுக்கொள்கிறான். ரோஹன் கிருஷ்ணமூர்த்தி மாதிரி அங்கேயே வளர்ந்து பெயர் வாங்கியவர்கள் இருக்கிறார்கள். ஆனாலும் சென்னைப் பையன்களுக்கு ஈடாக வாசிக்க வருமா?" நல்ல கேள்விதான். கடைசியில் வைத்த அந்தச் சந்தேகம்தான் என்னைக் குடைந்துகொண்டே இருந்தது.

முதலில் ரோஹன். மிச்சிகனில் கலமசூ என்ற ஊரில் வளர்ந்தவர், மிருதங்க வித்வான் குருவாயூர் துரை அவர்களின் சீடர், ஈஸ்ட்மன் இசைப்பள்ளியில் முனைவர் பட்டம் பெற்றவர். எனக்கு அதைவிடப் பிடித்தது, அவர் வாத்தியத்திலேயே கை வைத்ததுதான். குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடும் வீட்டில் காற்று காய்ந்துவிடும். தோல் இறுகும், சுருதி சேர்க்கும் பக்கமான வலந்தலையில் சுருதி ஏறிவிடும். இங்கே என்றால் மூட்டு என்கிற தோல் முகத்தை மாற்ற, அதை இறுக்கும் தோல் வாரை இழுக்க ஆள் இருக்கிறார். அங்கே யாரிடம் போவது? ரோஹன் வாரை நம்பாமல் இறுக்கும் ஏற்பாடு ஒன்றை வடிவமைத்துக் காப்புரிமையும் வாங்கிவிட்டார். இப்படிப் போல்ட் போட்டு இறுக்கும் மிருதங்கத்தைப் பார்த்து முகம் சுளிக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். சுளிக்கட்டும். சுருதி சேராத மிருதங்கத்தைவிட அது எவ்வளவோ மேல்.

சரி, ஈடாகுமா என்ற விஷயத்துக்கு வருகிறேன். அந்தக் கால மிருதங்க மேதை பழனி சுப்பிரமணிய பிள்ளை இடது கைக்காரர். வலந்தலை சபையைப் பார்த்து இருக்க வேண்டும் என்பதால் அவர் பாடகருக்கு மறுபக்கம் உட்கார வேண்டும், வயலின்காரர் இடம் மாற வேண்டும். அதற்கே ஆரம்பத்தில் எதிர்ப்பு. பாடகர் செம்பை வைத்தியநாத பாகவதர்தான் விடாமல் மேடையில் சேர்த்துக்கொண்டார். மேடை இடம் மாறியதையே பொறுக்காதவர்கள், நாடு மாறினால் விடுவார்களா?

வேடிக்கை என்னவென்றால், கடல் கடந்து போனதும் அந்தப் பழனி வழிதான். அவர் சீடர் டி. ரங்கநாதன், நடனக் கலைஞர் பாலசரஸ்வதியின் தம்பி, 1963-லேயே அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் சொல்லிக்கொடுக்கப் போய்விட்டார். இன்னொரு சீடர் திருச்சி சங்கரன் 1971-ல் டொராண்டோ யார்க் பல்கலைக்கழகத்துக்குப் போனார். அங்கேயே இருந்தவருக்கு 2011-ல் மியூசிக் அகாடமி சங்கீத கலாநிதி விருது கொடுத்தது. அமெரிக்காவில் கிளீவ்லாண்டில் 1978-லிருந்து தியாகராஜ ஆராதனை நடக்கிறது. அதனால் பாடம் கிடைக்குமா என்பதில் எனக்குக் கவலையே இல்லை.

வழக்கமாகப் பார்ப்பவர்கள் இப்போதே சிரித்திருப்பீர்கள், எங்கே வந்து நிற்பேன் என்று தெரியும். ஆமாம், பாட்டுக்கு வாசிப்பதுதான்! பாட்டு இல்லாமல் தாள வாத்தியம் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனத்தை வீட்டில் உட்கார்ந்தே தயார் செய்துவிடலாம். அதை முடிக்கும் கோர்வை கணக்குதானே? வெளிநாட்டுப் பிள்ளைகள் அதில் புலிகள், அஞ்சு எண்ணி முடிப்பதற்குள் மூன்று விதமான தாள நடையில் சொல்லிவிடுவார்கள். ஆனால் பல்லவியில் சாகித்யம் நெருக்கமாகப் போகும்போது கனத்த நாதம் தரும் தொப்பிப் பக்கத்தில் மட்டும் லேசாக நடத்திவிட்டு, பாடகர் ஒரு கார்வையில், அதாவது ஒரு ஸ்வரத்தை நீட்டி, நின்றதும் அந்த இடத்தில் தொப்பியை அழுத்தித் தேய்த்து ஒரே ஒரு கும்கி கொடுப்பது இருக்கிறதே, அது வீட்டில் வராது. அனுபல்லவியில் சங்கதி ஏறும்போது எவ்வளவு ஏற்றுவது, ஒரே வரியைப் பல விதமாகப் பாடும் நிரவலில் எங்கே சும்மா இருப்பது, இதெல்லாம் பக்கத்தில் ஒருவர் பாடினால்தான் தெரியும். போன பேச்சிலும் சொன்னேன், இன்னொரு தடவை சொல்கிறேன்: பாட்டுக்கு வாசிக்கத் தெரிந்தவருக்குத் தனியும் வரும். தனியை மட்டும் தயார் செய்தவருக்குப் பாட்டு வராது.

அதனால் என்னிடம் கேட்டிருக்க வேண்டியது, "பேரனுக்கு யார் பாடுவார்கள்?" என்பதுதான். சென்னைப் பையனுக்குச் சாதகமான ஒரே விஷயம் அதுதான். சபாவில் மத்தியானக் கச்சேரி, கோயில் உற்சவம், நடனப் பள்ளி என்று யாராவது கூப்பிட்டுக்கொண்டே இருப்பார்கள். அங்கே இருக்கும் பையனுக்கு அதைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். பேரன் இருக்கும் ஊரில் வர்ணம் வரைக்கும் பாடுகிற பெண்ணோ பையனோ ஒருவர் கட்டாயம் இருப்பார். வாரம் ஒரு நாள் இரண்டு பேரையும் ஒன்றாக உட்கார வையுங்கள். பாடுகிற குழந்தை தாளம் விட்டாலும் பரவாயில்லை, பேரன் தூக்கிப் பிடிக்கக் கற்றுக்கொள்ளட்டும். கிளீவ்லாண்டு ஆராதனையில் நடக்கும் போட்டிக்கு அப்புறம் போகலாம்.

தொப்பியில் பூசும் ரவை குளிரில் சீக்கிரம் காய்ந்துவிடுகிறது என்று இன்னொருவர் எழுதியிருக்கிறார். அதை அடுத்த பதிவில் பார்ப்போம்.