ஆறாம் கொதிகலன் அறையிலிருந்து தப்பியவர்

நேயர்களுக்கு வணக்கம். டைட்டானிக் கப்பலில் 29 கொதிகலன்கள், 159 உலைகள். நாளொன்றுக்கு 600 டன்னுக்கும் மேல் நிலக்கரி, அத்தனையும் கையால் அள்ளிப் போட்டது. கிடங்கிலிருந்து தள்ளுவண்டியில் கரி கொண்டுவர ஓர் ஆள், உலையில் வீச இன்னோர் ஆள். நான்கு மணி நேரம் வேலை, எட்டு மணி நேரம் ஓய்வு.

வீசுவதில் பெரிய கைத்திறன் உண்டு. கரி குவிந்தால் காற்று ஏறாது. இடைவெளி விட்டால் குளிர்காற்று புகுந்து நீராவி இறங்கிவிடும். இறுகிப்போன சாம்பல் கட்டிகளை நீண்ட கம்பியால் குத்தி உடைக்க வேண்டும். எந்த உலையை எப்போது திறப்பது என்று மணிக்கருவி ஒன்று அடித்துச் சொல்லும். பல கதவுகள் ஒரே நேரத்தில் திறந்தால் சூடு வீணாகும்.

1912 ஏப்ரல் 14 இரவு 11.40. கப்பல் பனிப்பாறையில் மோதிய நேரம். ஆறாம் கொதிகலன் அறையில் தலைமை ஸ்டோக்கர், அதாவது உலைக்குக் கரி போடுபவர்களின் தலைவர், பிரெட்ரிக் பாரெட். நிறுத்தச் சொல்லும் சிவப்பு விளக்கு எரிந்தது. காற்றுவழிகளை மூடச் சொல்லிக் கத்தினார். மூடி முடிப்பதற்குள், தரைத் தகட்டுக்கு இரண்டடி மேலே கப்பலின் பக்கவாட்டைக் கிழித்துக்கொண்டு தண்ணீர் பாய்ந்தது. நீர்புகாக் கதவு இறங்குமுன் அவரும் ஒரு பொறியாளரும் ஐந்தாம் அறைக்குள் தாவினார்கள்.

அதன் பிறகு அங்கே நடந்ததுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. எந்திரம் நின்றதால் நீராவிக்குச் செலவில்லை. பாதுகாப்பு வால்வுகள் வழியே அது வெளியே சீறியது. கொதிகலனில் நீர்மட்டம் இறங்கியது. அடியில் நெருப்பு அப்படியே இருந்தால் உலையின் மேல்தகடு காய்ந்து, இளகி, வெடிக்கலாம். ஆகவே ஆட்களை வரவழைத்து, எரியும் கரியை வெளியே இழுத்துத் தண்ணீர் ஊற்றி அணைத்தார்கள். அறை முழுக்க ஆவி. அந்தப் புகைமூட்டத்தில் திறந்திருந்த தரைக்குழியில் விழுந்து ஷெப்பர்ட் என்ற பொறியாளரின் கால் முறிந்தது. சற்று நேரத்தில் கொதிகலன்களுக்கு இடையிலிருந்து வெள்ளம் பாய, பாரெட் ஏணியில் ஏறினார். ஷெப்பர்டும் அவருடன் இருந்த பொறியாளர் ஹார்வியும் பிழைக்கவில்லை.

13ஆம் எண் உயிர்காப்புப் படகில் பாரெட்டுக்கு இடம் கிடைத்தது. கப்பல் வெளியேற்றிய நீர் அந்தப் படகைத் தள்ளிக்கொண்டு போக, 15ஆம் படகு நேர் தலைக்கு மேலே இறங்கியது. கயிறுகளை வெட்டித்தான் தப்பினார்கள். உலையடிக்கான மெல்லிய உடையில் சுக்கான் பிடித்த பாரெட், குளிர் தாங்காமல் சுக்கானை வேறொருவரிடம் கொடுத்தார்.

கப்பலின் பொறியாளர்களில் ஒருவர்கூடத் தப்பவில்லை. அதனால் அந்த இரு அறைகளில் நடந்ததை நாம் அறிவது பெரிதும் பாரெட்டின் சாட்சியத்தால்தான். 1912 மே மாதம் அமெரிக்க செனட்டர் வில்லியம் ஆல்டன் ஸ்மித் நியூயார்க்கில் டைட்டானிக்கின் சகோதரக் கப்பலான ஒலிம்பிக்கின் கொதிகலன் அறைக்கே இறங்கிப்போய் அவரை விசாரித்தார். பாரெட் அதற்குள் அங்கே மறுபடி வேலைக்குச் சேர்ந்திருந்தார்.