எந்தத் தலைவரை?

மதிப்புக்குரிய தலைவர் ஐயா அவர்களே, மேடையிலுள்ள வைத்திய கலாநிதிகளே, காலி வீதி நெரிசலைத் தாண்டிப் பொன்னாடைகளோடு வந்து சேர்ந்த பிரமுகர்களே, மழையையும் பாராமல் வெள்ளவத்தைக்கு வந்திருக்கும் அம்மாமாரே, வணக்கம். யாருடைய பெயராவது விடுபட்டால், பட்டியல் எழுதித் தந்த தம்பியைப் பிடியுங்கள்.

இன்று நாம் பாராட்டும் இதய, நுரையீரல் சத்திரசிகிச்சை நிபுணரைப் பற்றி மூன்று விஷயம் சொல்ல வந்தேன்: அவருடைய கை, பொறுமை, வாய். கையைப் பற்றி டொக்டர்மார் சொல்வார்கள். 1953இல் கிப்பன் என்ற அமெரிக்கர் இதயத்தின் வேலையையும் நுரையீரலின் வேலையையும் ஓர் இயந்திரத்திடம் ஒப்படைத்துவிட்டு ஒப்பரேஷன் செய்து காட்டினார் என்பதோடு நான் நிறுத்துகிறேன். "நோயாளி விதியாளி ஆனால் பரிகாரி பேராளி" என்பார் என் ஆச்சி. நோயாளிக்கு ஆயுள் கெட்டியென்றால் பேர் வைத்தியருக்கு என்று அர்த்தம்.

வாய்க்கு வருகிறேன். என் பெரியம்மாவுக்குச் சின்ன வயதில் வந்த வாதக் காய்ச்சல், அறுபது வயதில் இதய வால்வில் வந்து நின்றது. பெரியம்மாவுக்குச் சிங்களம் தெரியாது, டொக்டர் சிங்களவர். முதல் நாள் பின்னேரம் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, சட்டைப்பையிலிருந்து ஒரு துண்டை எடுத்து, எழுத்துக் கூட்டித் தமிழ் வாசித்தார். "அம்மா, முழிக்கிற நேரம் தொண்டையில குழாய் இருக்கும். பேச ஏலாது. பயம் வேணாம்." சரி. அடுத்து, நெஞ்செலும்பை அறுத்துக் கம்பியால் கட்டியிருப்பதால், இருமும்போது தலையணையை அணைத்துப் பிடிக்கச் சொல்ல வேண்டும். டொக்டர் சொன்னது: "இருமினா தலைவரை அணைச்சுப் பிடிங்க."

பெரியம்மா கேட்டார்: "எந்தத் தலைவரை, தம்பி?"

வாட்டே சிரித்தது. தலைவர் ஐயா குறை நினைக்க வேண்டாம்! ஒப்பரேஷன் முடிந்து குழாயோடு முழித்தவர் பதறவில்லை. கையை நீட்டித் தலையணையைத்தான் தேடினார். ஆச்சியின் பழமொழியை டொக்டரிடம் சொன்னேன். நடுவில் தாதி மிஸ்ஸிமாரும் உண்டே என்றார்.

அந்தத் துண்டை அவர் தானாக எழுதி வாங்கினார். மற்ற இடங்களில்? 1987இல் அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. அண்மையில் என் மச்சானை வேறோர் ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது சம்மதப் படிவம் சிங்களத்தில் மட்டும் இருந்தது. அதில் அவருக்கு விளங்கியது கையெழுத்துப் போடும் கோடு ஒன்றுதான். நோயாளி விதியாளியாக இருக்கட்டும், தன் நெஞ்சைத் திறக்கும் காகிதத்தை வாசிக்கக்கூடாதா? ஒவ்வொரு வாட்டிலும் தமிழ்ப் படிவம் வேண்டும், தமிழ் பேச ஒருவர் வேண்டும்.

பொறுமையைப் பற்றிச் சொல்லவில்லை. தலைவர் மணிக்கூட்டைப் பார்க்கிறார். மனு வாசல் மேசையில் இருக்கிறது, பேனையும் வைத்திருக்கிறோம். பெரியம்மா முதல் ஆளாகப் போட்டுவிட்டார்.