என் போக்கர் நோட்டு மனைவி கையில்

எல்லோருக்கும் வணக்கம். போக்கர் ஆடுகிறவன் குடும்ப வாழ்க்கையைப் பற்றிப் பேச வருகிறான் என்றதும் இங்கே சிலர் முகம் சுளித்திருப்பீர்கள், அது நியாயம்தான். சீட்டால் அழிந்த வீடு ஒன்றாவது இல்லாத தெரு நம் ஊரில் குறைவு. ஆன்லைன் ரம்மியில் பணத்தை விட்டுத் தற்கொலை செய்துகொண்டவர்களின் செய்தி அடுத்தடுத்து வந்த பிறகுதான் 2022இல் ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் இங்கே ஒரு குழுவே போட்டார்கள். அந்த வீடுகளை மனதில் வைத்துக்கொண்டுதான் பேசுகிறேன்.

நான் ஒரு கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் பார்க்கிறேன். என் மனைவி பள்ளியில் கணக்கு டீச்சர். கல்யாணமாகி எட்டு வருடம், மகள் யூகேஜி படிக்கிறாள். போக்கரை ஒருநாள் முழுநேரத் தொழிலாக எடுக்க வேண்டும் என்பது என் ஆசை. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் சட்டம் கொண்டுவந்து ஆன்லைன் பண ஆட்டமெல்லாம் நின்றுவிட்டது, அதற்கு முன்னாலும் சரி, பின்னாலும் சரி, எனக்குப் பெரும்பாலும் கோவாதான். மாதத்தில் ஒரு வாரயிறுதி, ரயில் ஏறிப் போய் மாண்டோவி ஆற்றில் நிற்கும் கேசினோ கப்பலில் இரண்டு இரவு ஆடிவிட்டு வருவேன்.

முதலில் நான் செய்த தப்பைச் சொல்லிவிடுகிறேன். மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரே ராத்திரியில் மூன்று பை-இன், அதாவது மேசையில் உட்காரக் கட்டும் பணத்தை மூன்று தடவை விட்டேன், 60,000 ரூபாய். வீட்டுக்கு வந்து 20,000 என்று சொன்னேன். அவளும் சரி என்று விட்டுவிட்டாள். பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து ஒரு சாயங்காலம், ஹாலில் தரையில் உட்கார்ந்து காலாண்டுப் பரீட்சைப் பேப்பர் திருத்திக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தாமல் கேட்டாள், “என்னங்க, அன்னைக்கு இருபதா, அறுபதா?” பேங்க் மெசேஜ் அவள் போனுக்கும் வரும் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. நான் மறுபடியும் இருபது என்றேன். சிவப்புப் பேனாவுக்கு மூடி போட்டாள். “தோத்தது பரவாயில்லைங்க. இருபதுன்னு ரெண்டு தடவை சொன்னீங்களே, அதை எந்தக் கணக்குல எழுதறது?”

அதற்கு என்னிடம் பதில் இல்லை. அடுத்த நாள் ஒரு நீள நோட்டு வாங்கி வந்தேன். அன்றிலிருந்து அது அவளிடம்தான் இருக்கிறது. ஒவ்வொரு முறை ஆடியதும் எவ்வளவு நேரம், எவ்வளவு போட்டேன், எவ்வளவு எடுத்தேன், ரூம் வாடகை, ரயில் டிக்கெட் எல்லாம் அதில் ஏறும்.

நோட்டு வந்த பிறகு அவள் கேட்ட முதல் கேள்வி, “நீங்க நல்லா ஆடறீங்களா இல்லையான்னு எனக்கு எப்படித் தெரியும்?” போக்கர் ஆடுகிறவர்களின் வீட்டில் எல்லோரும் கேட்க வேண்டிய கேள்வி இது. நான் எனக்குத் தெரிந்த எண்களைச் சொன்னேன். நான் ஆடும் மேசையில் பெரிய பிளைண்ட், அதாவது சீட்டைப் பார்க்கும் முன்பே ஒருவர் கட்டாயம் வைக்க வேண்டிய பந்தயம், 200 ரூபாய். லாப நஷ்டத்தை அதை வைத்துத்தான் அளப்போம். ஒருமுறை சீட்டுப் போட்டு ஆடி முடிப்பது ஒரு கை. நல்ல ஆட்டக்காரன் 100 கைக்கு 5 பிளைண்ட் லாபம் பார்ப்பான் என்று வைத்துக்கொள்ளலாம், திட்டவிலக்கம், அதாவது அந்த லாபம் மேலும் கீழும் ஆடும் அளவு, 90 பிளைண்ட் பக்கம் வரும். மணிக்கு 25, 30 கை என்றால் ஒரு கோவா பயணத்தில் 550 கை, 10,000 கை ஆட ஒன்றரை வருடம் ஆகும். அவள் விடைத்தாள் கட்டிலிருந்து ஒரு வெள்ளைப் பேப்பரை உருவிப் போட்டுப் பார்த்தாள். 10,000 கையில் லாபம் 500 பிளைண்ட். கை 100 மடங்கானாலும் விலக்கம் 100 மடங்காகாது, 100இன் வர்க்கமூலமான 10 மடங்குதான், அதனால் 900. பென்சிலை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். நன்றாகவே ஆடுகிறவர்களிலும் 100 பேருக்கு 29 பேர் ஒன்றரை வருடம் ஆடி முடித்து நஷ்டத்தில் நிற்பார்கள். சுமாராக ஆடுகிறவர்களில் பலர் லாபத்தில் நிற்பார்கள்.

இதை எத்தனை பேர் கட்டிக்கொண்டவளிடம் சொல்லியிருக்கிறோம்? முடிவைப் பார்த்து அவளால் தீர்ப்புச் சொல்ல முடியாது, என்னாலும் முடியாது. ‘இந்த மாசம் அதிர்ஷ்டம் சரியில்லை’ என்று நான் சொன்னால் அது உண்மையாகவும் இருக்கலாம், மோசமான ஆட்டத்தை மூடி மறைக்கிற துணியாகவும் இருக்கலாம். அப்புறம் அவள் எதை நம்புவது? நான் சொல்கிற எண்ணை மட்டும்தான். அதிலேயே நான் பொய் கலந்தால் அவளுக்குப் பிடித்துக்கொள்ள எதுவுமே மிச்சம் இல்லை.

அன்று வரவையும் சேர்த்தே கணக்குப் போட்டாள். 500 பிளைண்ட் என்றால் 1 லட்சம். பதினெட்டுப் பயணத்துக்குப் பயணம் ஒன்றுக்கு 5,000 என்று வைத்தாலே 90,000 போய்விடும். சீட்டாட்டத்தில் ஜெயித்த பணத்துக்கு 30 விழுக்காடு வரி, தோற்றதை அதில் கழித்துக் காட்டவும் முடியாது. “அப்ப இந்த மேசையில நீங்க ஜெயிச்சாலும் இது வருமானம் இல்ல, படிப்புச் செலவு” என்றாள். வேலையை விடும் பேச்சு அதோடு வீட்டில் நின்றது. ஒரு வருடக் குடும்பச் செலவு தனியாக வங்கியில் கிடக்கும்வரை அதை எடுப்பதில்லை என்று இரண்டு பேரும் முடிவு செய்தோம்.

2003இல் கிறிஸ் மணிமேக்கர் என்ற அமெரிக்க அக்கவுண்டண்ட் 86 டாலர் கட்டி ஒரு ஆன்லைன் தகுதிப் போட்டியில் ஜெயித்து, லாஸ் வேகாஸில் 839 பேர் ஆடிய உலகப் போட்டியில் 25 லட்சம் டாலர் வென்றார். நானும் அக்கவுண்ட்ஸ் ஆள்தானே, அந்தக் கதையை நூறு தடவை படித்திருக்கிறேன். அடுத்த வருடம் அந்தப் போட்டிக்கு 2,576 பேர் வந்தார்கள். அவருடைய முதல் திருமணமோ அந்த வெற்றிக்குப் பிறகு மணமுறிவில் முடிந்தது. காரணம் அவர்கள் வீட்டு விஷயம். பெரிய வெற்றி வந்தால் வீடு தானாகச் சரியாகிவிடும் என்று நினைத்துக்கொண்டிருந்த எனக்கு அந்தக் கடைசிச் செய்தி வேண்டியிருந்தது.

என் மாமனாருக்கு இன்றும் இதில் சம்மதம் இல்லை. தருமர் கதையைச் சொல்வார். நான் மறுத்துப் பேசுவதில்லை. ஆனால் அந்தச் சபையில் பாஞ்சாலி கேட்ட கேள்வியை மறக்காமல் இருக்கப் பார்க்கிறேன், என்னை வைத்து ஆட உனக்கு ஏது உரிமை என்பதுதானே அது? வீட்டுக் கடன் தவணை, குழந்தையின் ஃபீஸ், அவள் சம்பளம், இவற்றில் ஒரு ரூபாயும் மேசைக்குப் போகாது. அவள் சம்மதத்தோடு இரண்டு வருடம் சேர்த்த 4 லட்சம் தனிக் கணக்கில் இருந்தது, ரயிலும் ரூமும் உட்பட எல்லாம் அதிலிருந்துதான். பாதியானால் ஆறு மாதம் நிறுத்தம், அதில் வாதாட்டம் கிடையாது. நிறுத்தச் சொல்லும் உரிமை அவளுடையது.

அவள் தரும் ஆதரவைப் பற்றிப் பேசும்போது அதற்கு அவள் கொடுக்கும் விலையையும் சொல்ல வேண்டும். நான் கப்பலில் இருக்கும் சனிக்கிழமை இரவு குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் தனியாக ஆட்டோ பிடித்து ஓடுகிறவள் அவள்தான். அதனால் மாதத்தில் இன்னொரு வாரயிறுதி முழுக்க அவளுடையது, சமையல், குழந்தை, துணி எல்லாம் என் பொறுப்பு, அவள் எம்.எட். படிக்கிறாள். நான் கோவாவிலிருந்து போன் செய்தால் எவ்வளவு என்று முதலில் கேட்பதில்லை. “சாப்பிட்டீங்களா?” அப்புறம், “கோவத்துல ஆடலையே?” தோற்ற ஆத்திரத்தில் நிதானமிழந்து ஆடுவதை டில்ட் என்று நாங்கள் சொல்வோம், அவள் அதைக் கோபம் என்று சொல்கிறாள், அதுவே சரியான வார்த்தை என்று இப்போது தோன்றுகிறது.

போன ஜனவரியில் அந்தக் கணக்கு 2 லட்சத்தைத் தொட்டது. பயணச் செலவு 90,000, மேசையில் விட்டது 1,10,000, அதாவது 550 பிளைண்ட். நல்ல ஆட்டக்காரனுக்கும் 10,000 கையில் இவ்வளவோ இதைவிட மோசமாகவோ ஆக 100இல் 12 வாய்ப்பு உண்டு என்று அவளே போட்டுக் காட்டினாள். அந்தப் பன்னிரண்டில் நான் ஒருவனா, இல்லை இந்த ஆட்டத்துக்கு இன்னும் தேறாதவனா, எனக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது. நோட்டின் கடைசிப் பக்கத்தில் சிவப்பு மையில் ‘ஜூலை வரை நிறுத்தம்’ என்று எழுதி, கீழே தேதி போட்டாள். போன வாரம் ஒரு நண்பன் கோவாவுக்குக் கூப்பிட்டான். அவளிடம் சொன்னேன். நோட்டை எடுக்கக்கூட இல்லை. “ஜூலைல பேசலாங்க” என்றாள். சரி என்று நண்பனுக்குப் போன் செய்து சொல்லிவிட்டேன்.